ஃபீஸ் இல்லாத பள்ளியின் விலை

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மேற்கு 118ஆம் தெருவில் ஒரு பள்ளிக் கட்டடம். 2006 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதியில் புதிதாக ஒரு பள்ளி குடியேறியது. கிண்டர்கார்ட்டன், ஒன்றாம் வகுப்பு என இரண்டே வகுப்புகள். மொத்தம் 165 பிள்ளைகள். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துக் குழந்தைகள். ஆரஞ்சும் நீலமுமாகச் சீருடை. பையன்களுக்கு டை. அதே கட்டடத்தில் ஏற்கெனவே பி.எஸ். 149 என்ற மாநகரப் பள்ளி இருந்தது. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றும் இருந்தது. இப்படி ஒரே கூரையின் கீழ் இடத்தைப் பங்குபோடுவதில் தொடங்கிய தகராறு, எட்டு வருடம் கழித்து நகர மேயரையும் மாநில ஆளுநரையும் எதிரெதிர் அணியில் நிறுத்துமளவுக்கு முற்றியது.

அந்தப் பள்ளிதான் சக்ஸஸ் அகாடமி. இன்று நியூயார்க் நகரில் அதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். 2017ஆம் ஆண்டு மாநிலத் தேர்வில் அதன் மாணவர்களில் 95 சதவீதம் பேர் கணக்கிலும், 84 சதவீதம் பேர் ஆங்கிலத்திலும் தேர்ச்சி நிலையைத் தொட்டார்கள். அதே தேர்வில் நகரத்தின் மொத்தக் கணக்கு, கணிதத்தில் 38, ஆங்கிலத்தில் 41 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. வாடகை கொடுக்கவே திண்டாடும் குடும்பத்துப் பிள்ளைகள் வசதியான புறநகர்ப் பள்ளிகளின் மார்க்கைத் தாண்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வராது? பள்ளியைத் தூக்கிவைத்துக் கொண்டாடுபவர்களும் சரி, கரித்துக்கொட்டுபவர்களும் சரி, இந்த எண்ணில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கென்னவோ எண்ணைவிட வகுப்பறைக்குள் நடப்பதுதான் சுவாரஸ்யம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? அதற்கு யார், எந்த ரூபத்தில் விலை கொடுக்கிறார்கள்?

முதலில், சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? அரசுப் பணத்தில் நடக்கும். ஆனால் அரசு நேரடியாக நடத்தாது. நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளி நினைவுக்கு வரலாம். ஆனால் சார்ட்டர் பள்ளிக்கு உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். நியூயார்க்கில் அதிகபட்சம் ஐந்தாண்டு. பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் உரிமத்தைப் புதுப்பிக்காமல் பள்ளியை மூடலாம். பதிலுக்கு என்ன பாடம், எத்தனை மணி நேரம், எந்த ஆசிரியர் என்பதையெல்லாம் பள்ளியே முடிவுசெய்யும். கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு கிடையாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். மின்னசோட்டா மாநிலம் 1991இல் இதற்கு முதல் சட்டம் போட்டது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நியூயார்க் 1998இல்தான் சட்டம் கொண்டுவந்தது.

சக்ஸஸ் அகாடமியைத் தொடங்கிய ஈவா மாஸ்கோவிட்ஸ் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். நகர மன்ற உறுப்பினராக இருந்து அதன் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தபோது, ஆசிரியர் சங்க ஒப்பந்தங்களை வரிவரியாகக் கிளறி விசாரணை நடத்தினார். சங்கம் அதை மறக்கவில்லை. 2005இல் மன்ஹாட்டன் வட்டாரத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். அப்போது ஹெட்ஜ் ஃபண்ட் முதலீட்டாளர்களான ஜோயல் கிரீன்பிளாட்டும் ஜான் பெட்ரியும் ஒரு பள்ளிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அரசியலில் தோற்றவரும் பணம் வைத்திருந்தவர்களும் கைகோத்த கதை இது. பிறகு வால் ஸ்ட்ரீட் பணம் தொடர்ந்து வந்தது. 2015இல் ஜான் பால்சன் என்ற முதலீட்டாளர் ஒருவரே 85 லட்சம் டாலர் கொடுத்தார். பக்கத்து மாநகரப் பள்ளிக்கு இப்படி ஒரு காசோலை வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டுப் பேர், ஆளுக்கு மூன்று குக்கீ

இப்போது வகுப்புக்குள் போவோம். முப்பது பேர் வரை இருக்கும் வகுப்பு. பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்புக் கணக்கு நேரம். ஒரு சின்னக் கதை போலக் கணக்கு சொல்லப்படுகிறது. உதாரணத்துக்கு, 'எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆளுக்கு மூன்று குக்கீ கொடுத்தால் மொத்தம் எத்தனை?' என்ற ரகம். எப்படிப் போடுவது என்று ஆசிரியர் சொல்வதில்லை. வாய்பாடு இன்னும் கற்றுத்தரப்படவில்லை. பிள்ளைகள் தாளில் தங்களுக்குத் தோன்றிய வழியில் போகிறார்கள்.

ஒருத்தி எட்டுத் தலைகள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மூன்று வட்டம் போட்டு, ஒன்று இரண்டு என்று 24 வரை எண்ணுவாள். இன்னொருவன் படம் வரையாமல் 3, 6, 9 என்று தாவிப் போவான். மூன்றாவது பிள்ளை, இரண்டு பேருக்கு 6, நாலு பேருக்கு 12, எட்டுப் பேருக்கு 24 என்று இரட்டித்துக்கொண்டே போய் இரண்டு வரியில் முடிக்கும். மூன்றும் சரியான விடைதான். ஆனால் மூன்றுக்கும் இடையே ஒன்றரை வருடக் கணக்குப் பாடம் இருக்கிறது.

ஆசிரியரின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான். வரிசைகளுக்கிடையே நடந்தபடி யார் எந்த வழியில் போனார்கள் என்று குறித்துக்கொள்வார். பிறகு யாரை முதலில் பேசவைப்பது, யாரைக் கடைசியில் என்று தீர்மானிப்பார். படம் வரைந்தவள் முதலில். அவளுடைய வட்டங்களைப் பார்த்த கண்ணோடு தாவி எண்ணியவன். அதற்குப் பிறகு இரட்டித்த பிள்ளை. இந்த வரிசை மாறினால் பாதி வகுப்புக்கு ஒன்றும் விளங்காது. 'அவன் செய்ததற்கும் இவள் செய்ததற்கும் என்ன சம்பந்தம்?' என்பதுதான் அன்றைய பாடத்தின் முக்கியக் கேள்வி. இந்த முறைக்கு வேர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்பென்டர், எலிசபெத் ஃபெனிமா குழுவினர் 1980களில் செய்த ஆராய்ச்சி. பள்ளிக்கு வருமுன்பே குழந்தைகளிடம் கணக்கு பற்றிய சொந்த யுக்திகள் இருக்கின்றன, ஆசிரியர் அவற்றைத் தெரிந்துகொண்டு அதன்மேல் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கண்டது. சக்ஸஸ் அகாடமி இதைக் கண்டுபிடிக்கவில்லை. எடுத்து, விடாப்பிடியாகச் செய்தது.

அறிவியலில் அந்தப் பிடிவாதம் இன்னும் பளிச்சென்று தெரியும். கிண்டர்கார்ட்டனில் இருந்தே வாரத்தில் ஐந்து நாளும் அறிவியல் வகுப்பு உண்டு. அதற்கெனத் தனி ஆசிரியர். புத்தகத்தைவிடச் சோதனைகளுக்கு இடம் அதிகம். 2002இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு என்று கட்டாயமாக்கிய பிறகு, அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பல பள்ளிகள் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டன. மார்க் வராத பாடத்துக்கு நேரம் எதற்கு என்ற கணக்கு. மார்க்குக்காகவே பெயர் வாங்கிய பள்ளி அந்தக் கணக்கைப் போடவில்லை என்பதை அதன் எதிரிகள்கூட ஒப்புக்கொள்ள வேண்டும். மரக்கட்டைகளை அடுக்கி விளையாட ஒதுக்கிய நேரம், செஸ், நடனம், ஓவியம், விளையாட்டு எல்லாம் கால அட்டவணையில் உண்டு. கிண்டர்கார்ட்டன் பிள்ளைகள் வாரக்கணக்கில் ரொட்டியை ஒரு பாடமாகவே படிப்பார்கள்: மாவு, ஈஸ்ட், உலகத்தில் யார் யார் எப்படிச் சுடுகிறார்கள். இரண்டாம் வகுப்பில் புரூக்ளின் பாலம்.

வாசிப்பு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஆசிரியர் உரக்க வாசிப்பது, ஒரே பத்தியை வகுப்பு முழுவதும் அலசுவது, சிறு குழுவாக உட்கார்ந்து வாசிப்பது, தனியாக வாசிப்பது என்று நாளின் பெரும்பகுதி புத்தகத்தோடுதான். வகுப்பறை நூலகத்தில் நல்ல கதைப் புத்தகங்கள் குவிந்திருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'ஏ'யிலிருந்து 'இசட்'வரை ஒரு வாசிப்புப் படிநிலை குறித்து, அந்த எழுத்தை முன்னேற்றத்தின் அடையாளமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. தனக்குத் தெரிந்த விஷயம் பற்றிய கடினமான புத்தகத்தை ஒரு குழந்தை சுலபமாகப் படித்துவிடும்; தெரியாத விஷயம் என்றால் லேசான புத்தகத்திலேயே தடுக்கி விழும். நியூயார்க் நகரமே 2023இல் தன் மாநகரப் பள்ளிகளின் வாசிப்புப் பாடத்தை, எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிக்கப் பழக்கும் ஒலிப்பயிற்சிக்கு முறையான இடம் தரும் திட்டங்களுக்கு மாற்றத் தொடங்கியது. சக்ஸஸ் பள்ளிகளில் சிறு வகுப்புகளுக்குத் தனியாக ஒலிப்பயிற்சி ஆரம்பத்திலிருந்தே இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பாடக்குறிப்பு எழுதாத ஆசிரியர்கள்

அமெரிக்க ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு என்றால் அடுத்த வாரப் பாடத்துக்கு இணையத்தில் அலைவது. சக்ஸஸில் அது இல்லை. பாடம் தலைமையகத்தில் இருந்து தயாராக வருகிறது. ஆசிரியரின் வேலை வேறு: நாளை வகுப்பில் கொடுக்கப்போகும் கணக்கை இன்றைக்கே தான் போட்டுப் பார்ப்பது, ஒரு பிள்ளை எந்தெந்த வழியில் போகும், எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது. வாசிப்பு என்றால் அந்தக் கதையைத் தானே ஊன்றிப் படித்து, அதன் சாரம் என்ன என்று சக ஆசிரியர்களோடு சண்டை போடுவது. இதற்காகவே புதன்கிழமைகளில் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் வீட்டுக்கு, ஆசிரியர்கள் பயிற்சிக்கு.

ராபர்ட் பாண்டிஸியோ என்பவர் தெற்கு பிராங்ஸில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். பிராங்ஸில் இருக்கும் சக்ஸஸ் பள்ளி ஒன்றில் ஒரு கல்வியாண்டு முழுக்க உட்கார்ந்து பார்த்து, 2019இல் ஒரு புத்தகம் எழுதினார். பாடத்திட்டத்தில் ஒளித்துவைத்த மந்திரம் எதுவும் இல்லை என்பது அவர் வந்து சேர்ந்த முடிவுகளில் ஒன்று. அதை உறுதிசெய்வதுபோல, 2017இல் பள்ளி நிர்வாகமே தன் வாசிப்புப் பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாக வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோப்பைத் தரவிறக்கலாம், சரி. புதன்கிழமை மதியம் வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்து நிற்கும் அம்மாவைத் தரவிறக்க முடியுமா?

அந்த அம்மாவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். விண்ணப்பம் போடுவது சுலபம். குலுக்கலில் ஓர் இடத்துக்குப் பல பிள்ளைகள் காத்திருப்பார்கள். இடம் கிடைத்ததும் கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். நேரத்துக்கு வர வேண்டும், சீருடையில் சமரசம் இல்லை, விடுப்புக்குக் காரணம் வேண்டும், ஆசிரியர் அழைத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, 'இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்' என்ற தொனியில் பேசுவார்கள். ஆரம்ப ஆண்டுகளில் பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழியில், சிறு பிள்ளைக்கு வாரம் ஆறு புத்தகம் வீட்டில் படித்துக்காட்ட வேண்டும் என்பதும் ஒன்று. கோடை விடுமுறைக்கும் விலக்கு இல்லை. பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பள்ளியில் கிடையாது. குலுக்கலில் ஜெயித்த குடும்பங்களிலேயே கணிசமானவை பள்ளி திறக்கும் முன்பே விலகிவிடுகின்றன என்று பாண்டிஸியோ எழுதுகிறார்.

இரண்டு வேலை பார்க்கும், சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத ஓர் ஒற்றைத் தாய்க்கு இது எப்படிச் சாத்தியம்? ஆக, பள்ளி ஏழைகளை வடிகட்டவில்லை. நேரம் இல்லாத ஏழைகளை வடிகட்டுகிறது. ஃபீஸ் இல்லாத பள்ளிக்கு இதுதான் ஃபீஸ். பாண்டிஸியோ இதைத் தவறு என்று சொல்லவில்லை; பணக்காரர்கள் தங்கள் பிள்ளைக்குப் பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, முனைப்புள்ள ஏழைப் பெற்றோர் தங்களைப் போன்ற பெற்றோரோடு சேர ஏன் தடை என்று திருப்பிக் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெற்றோரெல்லாம் இங்கே வந்துவிட்டால் பக்கத்துப் பள்ளியில் மிஞ்சுவது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அப்படியானால் மார்க் எல்லாம் பெற்றோர் புண்ணியம்தானா? அதுவும் இல்லை. 2017இல் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கலையே அளவுகோலாக வைத்தது. ஜெயித்த குடும்பமும் தோற்ற குடும்பமும் விண்ணப்பம் போட்டவைதான். முனைப்பில் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஜெயித்த பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, தோற்று வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளைவிடக் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னால் இருந்தார்கள். வகுப்பறைக்குள் ஏதோ நடக்கத்தான் செய்கிறது.

கிழிந்த தாள்

அந்த ஏதோ ஒன்றின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். தரைவிரிப்பில் கைகளைக் கோத்து, முதுகை நிமிர்த்தி, பேசுபவரைக் கண்ணால் தொடர்ந்தபடி உட்கார வேண்டும் என்பது இங்கே விதி. வகுப்பில் ஒரு வண்ண அட்டவணை தொங்கும். நடத்தையைப் பொறுத்துப் பிள்ளையின் பெயர் மேலே ஏறும், கீழே இறங்கும். மாநிலத் தேர்வு நெருங்கினால் மாதக்கணக்கில் பயிற்சி, பெரிய அரங்குகளில் உற்சாகக் கூட்டம், நன்றாக உழைத்த பிள்ளைக்கு ரிமோட் கார் மாதிரிப் பரிசு. பயிற்சித் தேர்வின் நடுவே எழுந்துபோக அனுமதியில்லாமல் சில குழந்தைகள் உடையை நனைத்துக்கொண்டதாக 2015இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆசிரியர்களுக்கும் அதே நெருக்கடிதான். சில பள்ளிகளில் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பள்ளியை விட்டுப் போயிருக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் ஒரு வீடியோ வெளிவந்தது. புரூக்ளினில் ஒரு சக்ஸஸ் பள்ளி. 2014இல் உதவி ஆசிரியர் ஒருவர் ரகசியமாக எடுத்தது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி தான் போட்ட கணக்கை எப்படிப் போட்டாள் என்று விளக்கத் தடுமாறுகிறாள். ஆசிரியை அவளுடைய தாளை இரண்டாகக் கிழிக்கிறார். போய்த் தனி நாற்காலியில் உட்காரச் சொல்கிறார். இது விதிவிலக்கான சம்பவம் என்றார் மாஸ்கோவிட்ஸ். இருக்கலாம். ஆனால் எந்த நேரத்தில் அது நடந்தது என்பதைக் கவனியுங்கள். குழந்தை தன் யோசனையைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே உருவான அந்தக் கணக்கு வகுப்பில்தான். சரியான விடையைவிட யோசித்த வழி முக்கியம் என்று சொல்லும் பாடமும், தடுமாறினால் பொறுக்காத கறாரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. எனக்கு அந்த வீடியோவில் வலித்தது கிழிந்த தாள் அல்ல. சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கை கோத்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கறாருக்கு ஈடுகொடுக்காத பிள்ளை என்ன ஆகும்? 2015இல், புரூக்ளினின் ஃபோர்ட் கிரீன் சக்ஸஸ் பள்ளியில் 'போயாக வேண்டியவர்கள்' என்று 16 பிள்ளைகளின் பெயரோடு ஒரு பட்டியல் இருந்தது வெளியே தெரிந்தது. அவர்களில் ஒன்பது பேர் பின்னாளில் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். பட்டியல் தவறு என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சிறப்புத் தேவை உள்ள ஐந்து குழந்தைகளின் குடும்பங்கள் அந்தப் பள்ளியின் மீது தொடுத்த வழக்கு, 2021இல் 24 லட்சம் டாலரில் போய் முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப சஸ்பெண்ட் செய்ததாகவும், 'வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று பெற்றோரை நாள்தவறாமல் அழைத்ததாகவும் பல குடும்பங்கள் புகார் சொல்லின.

2006இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 73 பேர். 2018இல் சக்ஸஸின் முதல் பட்டமளிப்பு மேடையில் ஏறிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 16 பேர். அத்தனை பேருக்கும் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. மற்ற 57 பேரையும் பள்ளி துரத்திவிட்டதாகச் சொல்வது அபாண்டம். பன்னிரண்டு வருடத்தில் நகரத்தில் குடும்பங்கள் வீடு மாறும், வேறு நல்ல பள்ளி கிடைக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் நான்காம் வகுப்புக்குப் பிறகு காலியான இடத்தைச் சக்ஸஸ் நிரப்பவில்லை. பக்கத்து மாநகரப் பள்ளியோ வருடத்தின் எந்த மாதத்தில், எந்த வகுப்பில், ஆங்கிலமே தெரியாத பிள்ளை வந்து நின்றாலும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். சதவீதங்களை அருகருகே அச்சிடும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சிட்டால் நன்றாக இருக்கும்.

இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது எது என்று கேட்டால், தினமும் அறிவியல் என்பதை யோசிக்காமல் சொல்வேன். வண்ண அட்டவணையை அங்கேயே விட்டுவிடலாம். ஆசிரியர் நாளைய கணக்கை இன்றே போட்டுப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது; அதற்குக் கோடீஸ்வரர் காசோலை தேவையில்லை, சீருடை தேவையில்லை, வாசலில் நிற்கும் அம்மாகூடத் தேவையில்லை. நேரம்தான் வேண்டும். நியூயார்க் மாநகரப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2014 ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நேரம் கிடைத்தது: திங்கள்கிழமை பள்ளி முடிந்ததும் 80 நிமிடம் கூடிப் பயிற்சிக்கு. அந்த 80 நிமிடத்தில் சுற்றறிக்கை வாசித்தார்களா, எட்டுப் பேருக்கு மூன்று குக்கீ கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா என்பது அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் இருந்தது.